பூதக்கண்ணாடி தேடிய வகுப்பு

"இன்னும் ஒரே ஒரு க்ளாஸ்தான் உம்மா. அதுவும் சரிப்பட்டு வரலன்னா, அப்புறம் என்னை விட்டுடணும்."

ஒன்பது வயதுப் பெண் இப்படிப் பேரம் பேசினால், வேறு வீடாக இருந்தால் சிரித்துக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே அது நடக்கவில்லை. ஏனென்றால் மகள் அழவில்லை. அழுதிருந்தால் மடியில் போட்டுச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவளோ, "எனக்கு ஓத வராது உம்மா. சில பேருக்கு வராது, அவ்வளவுதான்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

தாய் பயந்தது அதற்குத்தான். கணக்கு வரவில்லை என்றால் அது ஒரு பாடம், தேர்ச்சியோ தோல்வியோ, பள்ளியோடு போய்விடும். குர்ஆன் ஓத வராது என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிக்கொண்டால், வாழ்நாள் முழுக்கத் தொழுகைப் பாயில் நிற்கும்போதெல்லாம் அந்த முடிவும் பக்கத்தில் வந்து நிற்கும். "சரி, ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் கொடுத்தது எவ்வளவு பெரிய வாக்கு என்று உறைத்தது. இனித் தப்பாகத் தேர்ந்தெடுக்க அவளுக்கு வழியே இல்லை.

ஏற்கெனவே மூன்று ஆன்லைன் வகுப்புகள் பார்த்தாயிற்று. முதலாவது ஒரு பெருங்கூட்டம். திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகள், எல்லார் வாயையும் மியூட்டில் அடைத்துவிட்டு, சொல்லிக்கொடுக்கும் உஸ்தாத் மட்டும் ஓதுவார். கடைசியில் தங்கக்கரை போட்ட சான்றிதழ் ஒன்று வந்தது. மகளும் குர்ஆன் சூராக்களைத் தண்ணீர் மாதிரி ஓதிக் காட்டினாள். ஒருநாள் தாய் பக்கத்தின் மேல்பாதியைக் கையால் மறைத்து, நடுவிலிருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இத ஓது" என்றாள். பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாளே தவிர, ஓர் எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தெரியவில்லை. இரண்டாவது உஸ்தாத் போட்ட கத்தலில் மகள் கேமராவை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாமவர் நல்ல மனிதர்தான், ஆனால் பாடம் நடக்கும்போதே இன்னொரு போனில் வேறு யாருடனோ வீட்டு வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் அந்தத் தாய் சாதாரண ஆள் இல்லை. சட்டைகள் ஏற்றுமதியாகும் ஒரு தொழிற்சாலையில் கடைசிச் செக்கிங் அவள் பொறுப்பு. தைத்து, தேய்த்து, மடிக்கப்போகும் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு தையல் தவறியிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். அவள் பார்த்து விட்ட பெட்டி எந்த நாட்டுக்குப் போனாலும் திரும்பி வந்ததில்லை. தையல் லைனில் இருக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அவள் வருவதைப் பார்த்தாலே கத்தரிக்கோல்கள் வேகமாகப் பிசிறு வெட்டும். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

"ஊரான் சட்டையில ஒரு நூல் தொங்குனா ஓடிப்போய் பிடிக்கிற. சொந்தப் பிள்ளைக்கு ஒரு வாத்தியாரப் பிடிக்கத் தெரியலையே" என்று கணவன் வாயைக் கொடுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குப் பழக்கம்.

"நீங்க சும்மா இருங்க. இந்தத் தடவ நானே உள்ள போய்ப் பாக்கப் போறேன்."

"உள்ளன்னா?"

"பெரியவங்களுக்கும் க்ளாஸ் எடுக்கறாங்கல்ல? பிள்ளைய விடறதுக்கு முன்னாடி ட்ரையல் க்ளாஸ்ல நானே மாணவியா உக்காருவேன். வேணும்னே ஒரு தப்பு விடுவேன். பிடிக்கறாங்களான்னு பாப்பேன்."

தொழிற்சாலையில் அது வழக்கம்தான். செக்கிங்குக்குப் புதிதாக வரும் பெண்ணைச் சோதிக்க, கோணலாகத் தைத்த ஒரு காலரை நல்ல சட்டைகளோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். கண்டுபிடித்தால் வேலை, கோட்டைவிட்டால் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான். கணவன் பதறிப்போனான். "அல்லாஹ்வோட வேதத்துல வேணும்னே தப்பு ஓதுவியா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

அவளும் அதை யோசிக்காமல் இல்லை. "வேதத்துல யாரு கை வைக்கப் போறா? அலிஃப், பேன்னு அரபு எழுத்து படிக்கிற பழகு புத்தகம் இருக்கில்ல, அதுல வெறும் எழுத்தா சேத்து வாசிக்கிற வரி வருமே, அர்த்தம் கிர்த்தம் ஒண்ணும் கிடையாது. அதுல நீட்ட வேண்டிய இடத்துல நீட்டாம விடுவேன், அவ்வளவுதான்." பேச்சில் தோற்கும்போது அவன் வழக்கமாகச் செய்வதுபோல் ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனான்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் டிபன் பாக்ஸை அவசரமாக மூடிவிட்டு, துணி ரோல்கள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் புகுந்தாள். இரண்டு ரோல்களுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ட்ரையலுக்கு வந்த முதல் உஸ்தாதின் பின்னால் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள், முன்னால் வானொலி நிலையத்தில் வைப்பது போன்ற மைக். அவள் வரியை வாசித்தாள். நீட்ட வேண்டிய எழுத்தைக் கத்தரித்துவிட்டாள்.

"மாஷா அல்லாஹ்! அருமை சகோதரி, அருமை! இந்த வேகத்துல போனா நீங்க சீக்கிரமே சான்றிதழ் வாங்கிடுவீங்க."

சான்றிதழ் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்கு அந்தத் தங்கக்கரை ஞாபகம் வந்தது. சலாம் சொல்லி அணைத்துவிட்டாள்.

அடுத்த நாள் இடைவேளையில், இரண்டாவது இடத்தில் ஓர் இளம்பெண் எடுத்தாள். குரல் இனிமை, பொறுமை, தப்பையும் சட்டென்று பிடித்தாள். பூதக்கண்ணாடிக்கு வாயெல்லாம் பல். "நீங்கதானே தினமும் எடுப்பீங்க?" என்று கேட்டாள். "இல்லக்கா, நான் ட்ரையலுக்கு மட்டும்தான். சேந்ததுக்கப்புறம் யாரு ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க வருவாங்க." சாம்பிள் சட்டையைக் கெட்டிக்கார டெய்லரிடம் தைத்துக் காட்டி ஆர்டர் பிடித்துவிட்டு, சரக்கை யார் யாரிடமோ தைக்கக் கொடுக்கும் கம்பெனிகளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தையும் மனதுக்குள் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினாள்.

அதற்கடுத்த நாள் ட்ரையலுக்கு வந்த மூன்றாவது உஸ்தாத்தான் அவளை அசத்தினார். கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. அவள் வேண்டுமென்றே விட்ட தப்பைப் பிடித்தார். அடுத்த வரியில் அவளுக்கே தெரியாமல் தொண்டையிலிருந்து வர வேண்டிய ஓர் எழுத்து நுனி நாக்கிலிருந்து வந்தது, அதையும் பிடித்தார். மூச்சு விட்ட இடம் தப்பு என்றார். உதடு குவிந்தது போதாது என்றார். ஒரே வரியை முடிக்கவே பாதி இடைவேளை போய்விட்டது. வியர்த்து வழிய வெளியே வந்தவள், "இவர்தான்டி வாத்தியார்! கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்" என்று பட்டன் கட்டும் பெண்ணைப் பிடித்து உலுக்கினாள். எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாமல் அந்தப் பெண் தலையாட்டினாள். தலையாட்டாமல் போனால் தன் பட்டனில் ஏதாவது குறை வந்துவிடுமோ என்று பயம்.

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. ஆனால் நாலாவதாக, மார்க்கக் கல்வி முடித்த ஓர் ஆலிமாவிடமும் ஏற்கெனவே நேரம் கேட்டு வைத்திருந்தாள். சொன்ன பிறகு போகாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தாள். ஆலிமா அவளைவிட வயதில் சிறியவள். பின்னணியில் புத்தக அலமாரி இல்லை, காயப்போட்ட துணிதான் தெரிந்தது. பூதக்கண்ணாடி வரியை வாசித்தாள், தப்பை விட்டாள். ஆலிமா நிறுத்தினாள், நீட்டிக் காட்டினாள், திரும்ப வாசிக்கச் சொன்னாள், சரியாக வந்ததும் "இதான்" என்றாள். அதற்குப் பிறகு எங்கேயும் நிறுத்தவில்லை. பாடம் முடிந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்த நீட்டாத எழுத்து, அது நீங்க வேணும்னே விட்டதுதானே?"

பூதக்கண்ணாடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரிஞ்சுது?"

"மத்த இடத்துலல்லாம் அதே எழுத்த ஒழுங்கா நீட்டுனீங்க. தெரியாம விட்ட தப்பு வேற மூணு இருக்கு."

"மூணா? அப்ப அத ஏன் சொல்லல?"

"இன்னைக்கு ஒண்ணு போதும்க்கா. ஒரே நாள்ல நாலு சொன்னா ஒண்ணும் நிக்காது. இது நின்னதும் அடுத்தது."

தப்பு இருக்கிறது என்று தெரிந்தும் விட்டுவிடுவதா! தொழிற்சாலையில் இப்படி விட்டால் வேலையே போய்விடும். பூதக்கண்ணாடிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா என் பிள்ளைக்கு ஒரு தப்பும் விடாம பாக்கற ஆள்தான் வேணும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

ஆலிமா கோபப்படவில்லை. "உங்க இஷ்டம்க்கா. பிள்ளை வீட்டுல ஓதும்போது பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"நான்தான். எதிர்லயே உக்காருவேன். க்ளாஸ் நடக்கும்போதுகூட போனுக்குப் பின்னாடி நான்தான்."

"அப்ப பிள்ளை எதப் பாத்து ஓதுறா? எழுத்தப் பாத்தா, உங்களப் பாத்தா?"

"இது என்ன கேள்வி? எழுத்தப் பாத்துதான்" என்று பட்டென்று சொல்லிவிட்டு, சலாம் சொல்லிப் போனை வைத்தாள். ரொம்பத்தான் கேட்கிறாள் என்று முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளைக் கூப்பிட்டாள். ஒரு தப்பும் விடாத அந்த உஸ்தாதிடம் பெயர் கொடுப்பதற்கு முன், பிள்ளையைக் கொஞ்சம் தயார்படுத்தி அனுப்பினால் நல்லது என்று நினைப்பு. மகள் பழகு புத்தகத்தைத் தூக்கமுடியாத சுமை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தாய் எதிரில். மகள் ஆரம்பித்தாள். ஓர் எழுத்து, உடனே ஒரு நிமிர்வு. இன்னோர் எழுத்து, இன்னொரு நிமிர்வு. இத்தனை நாளும் இது தாயின் கண்ணில் படாமல் இல்லை, பிள்ளை மரியாதையாகத் தன்னைப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு எழுந்தாள். "நீ நிறுத்தாத, ஓது" என்று சொல்லிவிட்டு மகளின் முதுகுக்குப் பின்னாலிருந்த அடுப்படிக்குப் போனாள்.

ஓதும் சத்தம் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீங்க எங்க போனீங்க?"

"இங்கதான் இருக்கேன். காது கேக்குது, ஓது."

"உங்க மூஞ்சி தெரியலையே உம்மா."

கையில் கரண்டியோடு அவள் திரும்பினாள். "என் மூஞ்சி எதுக்குடி?"

மகள் இதைப் போய் விளக்கிச் சொல்ல வேண்டுமா என்பதுபோல் பார்த்தாள். "தப்புன்னா உங்க புருவம் மேல போகும். அப்ப நான் மாத்திச் சொல்லுவேன். அப்பவும் மேல போனா இன்னொண்ணு சொல்லுவேன். இறங்குச்சுன்னா சரி."

அடுப்பில் பொங்கியது பொங்கி வழிந்தே விட்டது, பூதக்கண்ணாடி அதைக் கவனிக்கவில்லை. மகள் ஏற்கெனவே போன முதல் வகுப்பு மோசம்தான், இரண்டாவது அதைவிட மோசம்தான், அதிலெல்லாம் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மூன்று வகுப்பிலும் போனுக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை படிக்கக் கற்றுக்கொண்டது அந்த ஆளின் முகத்தைத்தான். எழுத்து வராத பிள்ளை இல்லை இவள். புருவத்தையே பிழையில்லாமல் வாசிக்கிறவளுக்கு எழுத்து எம்மாத்திரம்! அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்தது, அடுத்த நிமிஷம் அழுகை வந்தது. இப்படி எத்தனை நாள் பிள்ளை தன்னைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருப்பாள் என்ற அழுகை.

"உம்மா, நான் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லடி. இன்னைக்குத்தான் நீ எல்லாத்தையும் சரியா சொல்லியிருக்க. போய் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

தப்பு விடாத அந்த உஸ்தாத் கெட்டிக்காரர், ஆனால் அவரிடம் விட்டால் பிள்ளைக்கு எதிரில் ஒன்றுக்கு இரண்டு பூதக்கண்ணாடிகள். இந்தக் கணக்கைப் போட அவளுக்கு நேரமாகவில்லை. ஆலிமாவுக்குப் போன் போடத்தான் நேரமானது. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படி வேண்டும் என்று கேட்பது? கணவன் பக்கத்தில் வந்து நின்று, "லிஃப்ட் மேலயே நின்னுடுச்சுன்னா கதவு திறக்காது. கொஞ்சம் இறங்குனாத்தான் திறக்கும்" என்றான். அவனை ஒரு முறை முறைத்துவிட்டு நம்பரைத் தட்டினாள்.

"நீங்க கேட்டதுக்கு இப்ப பதில் தெரிஞ்சுடுச்சு. என்னப் பாத்துதான் ஓதுறா."

ஆலிமா, நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்ப நாளைக்கே ஆரம்பிப்போம்க்கா. ஆனா நீங்க உள்ள இருக்கக் கூடாது. கதவுக்கு வெளிய உக்காந்து கேட்டுக்கங்க, நான் என்ன பேசறேன்னு உங்களுக்கும் தெரியணும். பிள்ளை கண்ணுல மட்டும் பட வேணாம். உங்களுக்கும் தனியா ஒரு நேரம் வச்சுக்குவோம், அந்த மூணு தப்பு காத்துக்கிட்டிருக்கு."

அவள் மகளிடம் போய், "இதான் நம்ம பேசுன அந்தக் கடைசி க்ளாஸ். புடிக்கலன்னா நீ சொன்ன பேச்சுதான்" என்றாள். மகள் தோளைக் குலுக்கினாள்.

மறுநாள் சாயங்காலம் அறைக் கதவுக்கு வெளியே இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் தாய், ஒன்றில் தகப்பன். கதவுக்கு உள்ளே ஆலிமாவின் குரலும் மகளின் குரலும். முதல் வரியிலேயே மகள் தப்பு விட்டாள். பூதக்கண்ணாடியின் வாய் தானாகத் திறந்தது. கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஆலிமா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில் இன்னொரு தப்பு. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் இல்லாமல் கோணல் காலரைக் கையில் பிடித்திருப்பது போல் தவித்தாள்.

"இப்ப ஓதுன எழுத்து மேல விரல வைங்கம்மா" என்றாள் ஆலிமா. "என்னப் பாக்க வேணாம். இதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

உள்ளே சத்தமே இல்லை.

"லைன் கட் ஆயிடுச்சா?" என்று தாய் உதட்டசைவில் கேட்டாள். கணவன் கையைக் காட்டி அடக்கினான். எழுந்து ஓடிவிடலாம், கதவைத் திறந்து ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வந்துவிடலாம், ஒரே ஒரு சொல்தானே. அவள் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆலிமா போட்ட நிபந்தனை ஒருபக்கம், பிடித்த பிடிவாதம் ஒருபக்கம். பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்வரை நகர்வதில்லை என்று பல்லைக் கடித்தாள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. தண்ணீர் மாதிரி இல்லை. கல்லில் இடறி, நின்று, திரும்ப எடுத்து வைத்து வந்தது. முதலில் ஓர் எழுத்து, அதோடு இன்னோர் எழுத்து, இரண்டையும் கூட்டி ஓர் ஓசை. பிறகு அதை நீட்டி, சரியாக. யாரும் சொல்லிக் கொடுக்காமல் மகள் முதன்முதலாக ஒரு சொல்லை வாசித்துவிட்டாள். தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ" என்றாள் ஆலிமா. மகள் இன்னொரு தடவை வாசித்தாள். இந்தத் தடவை இடறவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆலிமா, "இன்னைக்குப் போதும்மா, நேரமாயிடுச்சு" என்றது கேட்டது. அதற்குமேல் பூதக்கண்ணாடியால் முடியவில்லை. கணவன் பிடித்த கையை உதறிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். என்ன சொல்வது என்று அவளுக்கே தெரியாது. கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம், ஏதாவது செய்யலாம்.

மகள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. விரல் எழுத்தின்மேல் இருந்தது. உதடு ஏதோ கூட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தத்துக்கு மட்டும் இடது கையைப் பின்னால் நீட்டி ஆட்டினாள்.

"உம்மா, வெளிய இருங்க. இந்த வரி இன்னும் முடியல."